பதினோரு வீட்டு ரத்தம்

ஜெனோவா அன்றைக்குத் தன் விரலைத் தானே பதினோரு தடவை குத்திக்கொண்டாள். பத்து விரலும் தீர்ந்துபோய், பதினோராவது வீட்டுக்கு மறுபடியும் இடது கட்டைவிரலுக்கே வந்தாள். உப்பு மூட்டை அடுக்கியிருந்த கொட்டகைக்குள் உட்கார்ந்து, மடியில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு, அட்டைக்கு ஐந்து வட்டம், வட்டத்துக்கு ஒரு சொட்டு என்று வைத்தாள். யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் அவளுக்கு இல்லை, சத்தியமாக இல்லை. பாவம் பார்த்தாள், அவ்வளவுதான். பாவம் பார்த்தால் இப்படியும் ஒன்று வந்து சேரும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் அரசாங்கம் சர்வே எடுக்கிற முறையையே மாற்றியிருந்தது. அதுவரை கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், வாசலில் கார் நிற்கிற வீட்டுக்காரர் கஞ்சிக்கே வழியில்லை என்று கண்ணைக் கசக்குவார். இரண்டு நாள் பட்டினி கிடக்கிறவளோ, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று, இப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவினேன் என்பாள். நிபுணர்கள் கூடி உட்கார்ந்து, மனுஷர் வாயை நம்பிப் பிரயோஜனமில்லை, உடம்பையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். விரலில் ஐந்து சொட்டு ரத்தம். கெட்டி அட்டையில் காயவைத்துச் சென்னைக்கு அனுப்பினால் ஐந்து எண்கள் வரும். சர்க்கரை, இரும்புச் சத்து, சிறுநீரகம், பசி, மனப்பதற்றம். அந்த ஐந்தையும் பார்த்துத்தான் எந்த ஊருக்குத் தண்ணீர் லாரி, எந்த ஊருக்கு ஆஸ்பத்திரி வண்டி என்று பிரித்துக் கொடுத்தார்கள். கேள்விகளும் இருந்தன, பேருக்கு. பதில்களை யாரும் படிப்பதில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் இருந்த கொற்றன்விளைக்கு ஜெனோவா சர்வே எடுக்கத் தை மாதம் போனாள். நாற்பத்து மூன்று வீடுகள், எல்லாருக்கும் உப்பளத்து வேலை. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. தினம் காலையில் வருகிற அரசாங்கத் தண்ணீர் லாரிதான் அவர்களுக்கு உயிர். சர்வேக்கு அங்கே பதினான்கு வீடுகள் குலுக்கலில் விழுந்திருந்தன. மூன்று வீட்டில் விரலை நீட்டினார்கள். பதினோரு வீட்டில் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் என்று சண்முகக்கனிதான் விளக்கினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள். அவள் இரண்டு கையையும் ஜெனோவாவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். வெயிலில் வெடித்த வயல் மாதிரி இருந்தது உள்ளங்கை.

“இதப் பாரு புள்ள. இருக்குற வெடிப்பு போதாதா? நீ குத்துற ஓட்ட சின்னதுதான். நாளைக்கு விடிய உப்புப் பாத்தித் தண்ணிக்குள்ள இந்தக் கைய விடணும்லா. சுர்ருனு ஏறுனா உச்சி மண்டையில போயி நிக்கும். போன தடவ குத்தவிட்ட ராமலெச்சுமிக்கு விரலு புண்ணாயி பத்து நாள் வேல போச்சு. வாயால என்ன வேணாலும் கேளு, சொல்லுதோம். விரலக் கேக்காத.”

வாயால் சொன்னார்கள், குறை வைக்காமல் சொன்னார்கள். நீர்க்கடுப்பு, கால் வீக்கம், மதியத்துக்கு மேல் கண் இருட்டுவது எல்லாவற்றையும் ஜெனோவா எழுதிக்கொண்டாள். ஆனால் அட்டை இல்லையே! பதினான்குக்குப் பதின்மூன்று அட்டையாவது வராவிட்டால் அந்த ஊரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டால் லாரி நிற்கும். பக்கத்து வீட்டில் எடுத்து ஈடுகட்டவும் விதியில் இடமில்லை. சூப்பர்வைசர் இன்பராஜ் வேறு காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்து, எத்தனை முடிந்தது, எத்தனை முடிந்தது என்று பிடுங்கியெடுத்தார். யோசித்துப் பார்த்தாள். மாவட்டம் முழுக்கப் பல்லாயிரம் அட்டைகள் போகும், அதில் இந்தப் பதினொன்று எந்த மூலைக்கு? அவர்களுக்கும் வலிக்காது, லாரியும் நிற்காது. கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். கணக்கை மாவட்டமாகப் பார்ப்பதில்லை, ஊர் ஊராகப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

மாசிக் கடைசியில் இன்பராஜ் போனில் கூப்பிட்டுக் குதித்தார். மாவட்டத்திலேயே ஆரோக்கியமான ஊர் கொற்றன்விளையாம், அவருடைய வட்டத்துக்குப் பாராட்டு வந்திருக்கிறதாம். ஆரோக்கியமாக இல்லாமல் எப்படி இருக்கும்? டவுனில் மின்விசிறிக்குக் கீழே தூங்கி, அம்மா கையால் மீனும் கீரையுமாக மூன்று வேளையும் சாப்பிட்ட முப்பது வயது ரத்தம் அது. ஆரோக்கியமான ஊருக்குத் தண்ணீர் எதற்கு என்று பங்குனி முதல் தேதி லாரியை நிறுத்திவிட்டார்கள். இனி அடுத்த அட்டை மூன்று வருஷம் கழித்துத்தான்.

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, இன்னும் லாரி வரும் என்று நம்பி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெனோவா சண்முகக்கனியைத் தனியே கூட்டிப்போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சண்முகக்கனி வரிசையாக இருந்த குடங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, இதற்கு நீ எங்கள் விரலை வெட்டியே எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்றாள். சொல்லிவிட்டுத் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு அடி கொடுத்திருந்தால்கூட ஜெனோவாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு ஜெனோவா பட்ட பாடு சொல்லி மாளாது. ஸ்கூட்டரில் இரண்டு கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு தினம் இரண்டு நடை போனாள். நாற்பத்து மூன்று வீட்டுக்கு அது நாக்கு நனைக்கக்கூடப் போதவில்லை. மற்றவர்கள் நாலு கிலோமீட்டர் நடந்து ரோட்டோரக் குழாயில் பிடித்து வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார்கள். சண்முகக்கனிக்குக் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டது. தான் மட்டும் நல்ல தண்ணீர் குடிக்க ஜெனோவாவுக்கு மனம் வரவில்லை. வெட்கத்தில் அவளும் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தாள். சோறு பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை. அம்மா கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். இன்பராஜிடம் உண்மையைச் சொன்னபோது, வாயை மூடிக்கொண்டு இரு, உன் வேலையும் போகும், என் வேலையும் போகும் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சித்திரைப் பாதியில் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாள். சர்வே தலைமை அலுவலகத்தில் ரத்த அட்டைகளுக்குப் பொறுப்பு டாக்டர் வசுமதி. வயதானவர், நிதானமானவர், கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். பேச்சை வைத்து அட்டையை ரத்து செய்ய முடியாதும்மா என்றார். எவ்வளவோ ஊர்க்காரர்கள் இப்படி அழுதுகொண்டு வருகிறார்களாம், வாயை நம்பக் கூடாது என்றுதானே இத்தனை ஏற்பாடும். அப்படியானால் அந்த அட்டைகளில் மரபணுவைச் சோதியுங்கள், பதினொன்றும் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும் என்றாள் ஜெனோவா. அதைச் சட்டம் தடுத்திருந்தது. ஆரம்பத்தில் யாரோ அட்டைகளைச் சோதித்து, எந்தப் பிள்ளைக்கு எவன் அப்பன் என்பதுவரை வெளியே வந்து, குடும்பங்கள் நாறிப்போனதால் போட்ட சட்டம். சரி, அந்த மக்களிடம் இப்போது ரத்தம் எடுங்கள், அவர்களே கொடுக்கிறோம் என்கிறார்கள் என்று கெஞ்சினாள். பழைய அட்டை பொய் என்று நிரூபிக்காமல் புதிது எடுத்தால், லாரி நின்ற ஊரெல்லாம் நாளைக்கே வந்து வரிசையில் நிற்கும் என்றார் வசுமதி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

ஒரே ஒரு வழி இருந்தது. ஜெனோவாவின் ரத்தத்தை எடுத்து, வரும் ஐந்து எண்களை அந்தப் பதினோரு அட்டைகளின் எண்களோடு ஒப்பிடலாம். ஐந்தும் ஒத்துப்போனால் அட்டைகள் அவளுடையவை என்று ஏற்றுக்கொள்வார்கள். ஜெனோவாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என் ரத்தம் என் ரத்தத்தோடு ஒத்துப்போகாமல் எங்கே போகும்? விரலை நீட்டினாள்.

அரைமணி நேரத்தில் தாள் வந்தது. வசுமதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஐந்துல நாலு பொருந்தலை. சிறுநீரகம் கெட ஆரம்பிச்சிருக்கு. இரும்பு பாதியா இறங்கியிருக்கு. பசி, பதற்றம் ரெண்டும் எங்கேயோ நிக்குது. இது நல்லா இருக்கிற உடம்பு இல்லம்மா. அந்த அட்டைகள்ல இருக்கிறது நீங்க இல்லை.”

“மேடம், நாந்தான் மேடம். அன்னைக்கி நல்லாத்தான் இருந்தேன். அவங்களப் பாத்துப் பாத்து இப்படி ஆயிட்டேன்.”

“நீங்க சொல்றது உண்மையாகவே இருக்கலாம். ஆனா என் கையில இருக்கிறது இந்தத் தாள்தான். ரெண்டு வாய்ப்பு விதியில உண்டு. அடுத்தது தொண்ணூறு நாள் கழிச்சு. அதுக்குள்ள உங்க உடம்பு தை மாசத்துல இருந்த மாதிரி ஆகணும். நல்லா சாப்பிடுங்க. நல்ல தண்ணியா குடிங்க, தூங்குங்க. முக்கியமா, கவலைப்படாதீங்க. அஞ்சாவது எண் கவலையைத்தான் அளக்குது. அது ஏறினா மத்த நாலும் சரியா இருந்தும் புண்ணியமில்லை.”

ஜெனோவா அந்த அறைக்கு வெளியே வந்தாள். அந்த மக்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க வேண்டும். இப்படி ஒரு தண்டனையை எந்தக் கோர்ட்டாவது யாருக்காவது கொடுத்திருக்குமா?

ஊர் திரும்பியதும் நேரே சண்முகக்கனியிடம்தான் போனாள். அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். ஊர்ப் பெண்களும் சுற்றி நின்றார்கள். கேட்டு முடித்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து, ஜெனோவாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“இந்தா கேளு. இனி நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்கப்பிடாது. தண்ணியும் கொண்டாரப்பிடாது. வந்தின்னா எங்க மூஞ்சியப் பாப்ப, பாத்தா உன் ரத்தம் கெட்டுரும். வீட்ல கெட. உங்கம்மா வடிச்சுப் போடுறதத் தின்னு. நல்லாத் தூங்கு. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கி நானே போன் போடுதேன். எங்க உயிரு உன் உடம்புல இருக்கு புள்ள, பாத்து வச்சுக்கோ.”

அதிலிருந்து ஜெனோவாவுக்கு நலமாக இருப்பதே வேலையாகிவிட்டது. விபரம் தெரிந்த அம்மா காலையில் முருங்கைக் கீரை, மதியம் மீன், ராத்திரி பால் என்று ஒரு வேளை தப்பாமல் போட்டாள். சாப்பிடும்போது முதல் கவளத்தில் கண்ணீர் வரும். அழுதால் ஐந்தாவது எண் ஏறிவிடுமே என்று பயந்து அழுகையை விழுங்குவாள், பயந்தால் ஏறுமே என்று பயத்தையும் விழுங்குவாள். தண்ணீர்ச் சொம்பை வாயில் வைத்தால் வரிசையாக நின்ற குடங்கள் கண்ணுக்குள் வரும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல மடமடவென்று குடிப்பாள். காலையில் கடற்கரையில் நடந்தாள். தூங்குவதற்குப் பாட்டுக் கேட்டாள், மூச்சைப் பிடித்துவிட்டுப் பார்த்தாள். முதல் மாதம் எதுவும் பலிக்கவில்லை. பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிது.

அவளைத் தேற்றியது அந்த ஆறு மணி போன்தான். சண்முகக்கனி தினம் பேசினாள். என்ன கறி, எத்தனை வேளை, எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று விசாரணை நடக்கும். ஊர் எப்படி இருக்கிறது என்று ஜெனோவா கேட்டால், இருக்கிறோம் என்று ஒரே வார்த்தை. ஒரு நாள் நல்ல சேதி சொன்னாள். உப்பள முதலாளி மனசு இரங்கி, தினம் ஒரு டேங்க் தண்ணீர் அனுப்ப ஆரம்பித்துவிட்டாராம், கால் வீக்கம்கூட வற்றிவிட்டதாம். அன்றைக்கு ராத்திரி ஜெனோவா எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அசந்து தூங்கினாள்.

அதற்குப் பிறகு போனில் ராமலெச்சுமி வர ஆரம்பித்தாள். சண்முகக்கனி அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்றாள். இன்னொரு நாள், அக்கா வேலைக்குப் போய்விட்டு அலுத்து வந்து நன்றாகத் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாமே என்றாள். சில நாள் வேறு பெண்கள் பேசினார்கள். எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். வேலைக்குப் போகிற அளவுக்குத் தேறிவிட்டாளே என்று ஜெனோவாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கன்னத்தில் சதை வைத்தது. ஒரு நாள் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தும்விட்டாள். சிரித்துவிட்டோமே என்று உடனே ஒரு குற்ற உணர்ச்சி வந்தது. அதையும் விரட்டினாள்.

ஆடி மாதம் தொண்ணூறு நாள் முடிந்து, மறுபடி சென்னை. வசுமதி அவளைப் பார்த்ததும், ஆளே மாறிவிட்டீர்களே என்றார். விரலைக் குத்தினார்கள். அந்த அரைமணி நேரமும் ஜெனோவா, இதுவரை கும்பிட்ட மாதாவையும் கும்பிடாத சாமிகளையும் சேர்த்துக் கும்பிட்டாள். தாள் வந்தது. சர்க்கரை பொருந்தியது, இரும்பு பொருந்தியது, சிறுநீரகமும் பசியும் பொருந்தின.

“பதற்றமும் பொருந்துதும்மா,” என்றார் வசுமதி. “சொல்லப்போனா அன்னைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. இந்தப் பதினோரு அட்டையும் உங்களோடதுதான். நான் எழுதித் தரேன்.”

அங்கேயே உத்தரவு போட்டார். பழைய அட்டைகள் ரத்து, புதிதாக எடுக்கும்வரை திங்கட்கிழமை முதல் கொற்றன்விளைக்குத் தண்ணீர் லாரி. பொய் அட்டை கொடுத்ததற்காக ஜெனோவாவை வேலையிலிருந்து நீக்கியும் ஒரு உத்தரவு போட வேண்டியிருந்தது. அதைப் போடும்போது அவருக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஜெனோவா அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை, கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். வேலை போனால் போகட்டும், மயிரே போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தூத்துக்குடியில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேரே கொற்றன்விளைக்குப் போனாள். மத்தியான வேளை, வேலை முடிந்து பெண்கள் திரும்பியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களைப் பார்க்கிறாள். எல்லாருக்கும் முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. டேங்க் தண்ணீர் வந்த ஊர் மாதிரியே இல்லையே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் கையில் உத்தரவு இருந்தது. வாயெல்லாம் பல்லாக அதை ஆட்டிக் காட்டி, பொருந்திவிட்டது, திங்கட்கிழமை லாரி வருகிறது என்றாள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அக்கா எங்க?” என்று கேட்டாள் ஜெனோவா. “அவகிட்டல்லா மொதல்ல சொல்லணும்.”

ராமலெச்சுமி முன்னால் வந்து, ஜெனோவாவின் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கி, மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள். அக்கா போய் முப்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது. டேங்கும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. மூத்திரம் அடைத்து, முகமெல்லாம் வீங்கி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் விசேஷம்கூட ஆகிவிட்டது. ஜெனோவாவுக்குத் தெரியக் கூடாது என்று ஊரே சத்தியம் பண்ணியிருந்தது.

ஜெனோவா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு நாளும் தினம் போனில் பேசினீர்களே, சிரித்தீர்களே, எப்படி முடிந்தது உங்களுக்கு என்று கேட்டாள். ராமலெச்சுமி அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அக்காதான் சொல்லிட்டுப் போச்சி. ‘நான் செத்தா அந்தப் புள்ளட்ட மூச்சு விடாதிய, அதுக்கு ரத்தம் கெட்டுரும், பொறவு நீங்களும் என் பின்னாலயே வர வேண்டியதுதான்’னு. அன்னைக்கி நடுவீட்ல கெடத்தி வச்சிருக்கோம், சுத்தி உக்காந்து மாரடிச்சி அழுதுட்டு இருக்கோம். ஆறு மணி ஆயிட்டு. போன் வரலன்னா நீ பயந்துருவல்லா. எல்லாரையும் கையமத்துனேன். அத்தன பேரும் சேலைய வாயில திணிச்சிக்கிட்டு அழுகைய நிப்பாட்டுனாவ. நான் அங்கன இருந்தேதான் பேசுனேன். அக்கா நல்லாத் தூங்குதுன்னு சொன்னேன். நீ போன வைக்கிற வரைக்கும் அந்த வீட்ல ஒரு சத்தம் இல்ல.”

ஜெனோவா பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மூன்று மாதத்தில் அவள் உடம்பு கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். ராமலெச்சுமி அதைப் பார்த்தாள். பார்த்து, அவள் முதுகில் கையை வைத்தாள்.

“அதான் டெஸ்ட்டு முடிஞ்சிட்டுல்லா புள்ள. இனி அழு.”